சிறு பறவைகளை எடுக்கும்போது ஃபோகஸ் ஏன் இலைக்கே போகிறது?

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவும் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸும் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஏரிக்கரையில் நாரை, கொக்கு எல்லாம் பளிச்சென்று வருகின்றன. வீட்டுத் தோட்டத்துத் தேன்சிட்டு, கதிர்க்குருவி, தையல்சிட்டு மட்டும் சரியாக வருவதில்லை. இலை தெளிவாக இருக்கிறது, பறவை கலங்கிக் கிடக்கிறது. கேமராவில் கோளாறா, செட்டிங்கில் தப்பா, இல்லை பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?

கேமராவில் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாரை தெளிவாக வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. நாரைக்கும் தேன்சிட்டுக்கும் நடுவில் என்ன மாறுகிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

மஞ்சமூக்கு நாரை நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். ஊதாத் தேன்சிட்டு அலகு நுனியிலிருந்து வால்வரை அளந்தாலே 10 சென்டிமீட்டர்தான். ஆக, 30 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை ஃபிரேமில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, அவ்வளவு இடத்தைத் தேன்சிட்டு பிடிக்க அது 3 மீட்டரில் இருக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்த கணக்கைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது பழைய ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளதில், 400 மி.மீ. லென்ஸும் எஃப்/8 துவார அளவும் வைத்து 30 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் முன்னும் பின்னுமாகச் சுமார் 2.7 மீட்டர் ஆழத்துக்குத் தெளிவாக விழும். அதே லென்ஸ், அதே எஃப்/8, 3 மீட்டரில் என்றால் சுமார் 2.7 சென்டிமீட்டர். தூரம் பத்தில் ஒன்றானால் ஆழம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. நாரையில் கேமரா ஒரு முழம் தவறினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தேன்சிட்டில் ஒரு விரற்கடை தவறினால் படம் போச்சு.

அதனால் உங்கள் ஆட்டோஃபோகஸ் நாரையிடம் ஒழுங்காகவும் தேன்சிட்டிடம் மோசமாகவும் நடந்துகொள்ளவில்லை. இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் தடுமாறுகிறது. நாரை அதை மன்னித்துவிடுகிறது.

செட்டிங்குக்குப் போகும் முன் ஒரு வேலை. கெட்டுப்போன படங்களில் ஒரு முப்பதை அழிக்காமல் வைத்து, கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். இலையோ கிளையோ கத்திபோல் இருந்து பறவை மட்டும் கலங்கியிருந்தால் அது ஃபோகஸ் தவறியது. கிளையும் அதைப் பிடித்திருக்கும் கால் நகமும் தெளிவாக இருந்து தலை மட்டும் இழுபட்டிருந்தால் ஃபோகஸ் சரி, பறவை தலையைத் திருப்பிவிட்டது; ஷட்டர் வேகம் போதவில்லை. மார்பு இறகு தெளிவு, கண் மங்கல் என்றால் அந்த 2.7 சென்டிமீட்டர் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. ஃபிரேமில் எங்குமே எதுவுமே தெளிவில்லை என்றால் கை ஆடியிருக்கும், அல்லது காற்று கொதித்திருக்கும். நான் முதல் வருடம் முழுக்க ஆட்டோஃபோகஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து இப்படிப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் தலை திரும்பிய படங்கள். ஃபோகஸ் பாவம், அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சரி, இலை தெளிவாக இருக்கும் படங்களுக்கு வருவோம்.

கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது இரண்டு வேலை. ஒன்று, சென்சாரில் விழும் பிம்பத்தைப் பார்த்து ‘இது பறவை, இது அதன் தலை, இது கண்’ என்று அடையாளம் காண்பது. லட்சக்கணக்கில் பறவைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் இதைச் செய்கிறது. இரண்டாவது, அந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து லென்ஸை நகர்த்துவது. கேனான் ஆர்5 2020-இல் வந்தபோதும், சோனி ஏ1 2021-இல் வந்தபோதும் எல்லோரும் வாய்பிளந்தது முதல் வேலையைப் பார்த்துத்தான். நிகான் இசட்9 2021-இல் வந்தாலும் பறவைக்கென்று தனித் தேர்வு அதற்கு 2023-இல் ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருள் புதுப்பிப்பில்தான் வந்தது. இப்போது நடுத்தர விலைக் கேமராவிலும் இருக்கிறது. உங்கள் மெனுவில் ‘ஆட்டோ’ அல்லது ‘விலங்கு’ என்று இருந்தால் முதலில் அதைப் ‘பறவை’க்கு மாற்றுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிம்பத்தைப் பார்த்துத்தான் பறவையை அடையாளம் காண முடியும் என்றால், பிம்பம் ஓரளவாவது பறவை மாதிரி இருக்க வேண்டும். லென்ஸ் கடைசியாக 30 மீட்டரில் எதையோ பார்த்துவிட்டு நிற்கிறது. 4 மீட்டரில் முருங்கைப் பூவில் தேன்சிட்டு வந்து உட்காருகிறது. அந்த நொடியில் சென்சாரில் விழுவது தேன்சிட்டு அல்ல, ஒரு கரும்புகை. புகைக்குக் கண் கிடையாது. கேமரா பறவையைக் காணாமல், தெளிவாகத் தெரியும் பின்னணியைப் பிடித்துக்கொள்கிறது. அல்லது லென்ஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிப் பார்க்கிறது. அதற்குள் சிட்டு போய்விடுகிறது. நாரை அவ்வளவு பெரிதாக, திறந்த வெளியில் நிற்பதால் கலங்கலாக இருந்தாலும் நாரை மாதிரிதான் இருக்கும்.

ஆகவே நீங்கள் பழக வேண்டிய முதல் விஷயம், பறவை வருவதற்கு முன்பே ஃபோகஸை அந்தத் தூரத்துக்குக் கொண்டுவந்து வைப்பது. அது வந்து உட்காரக்கூடிய கிளை, அதே தூரத்தில் தரையில் கிடக்கும் கல், செடியின் தண்டு, எதில் வேண்டுமானாலும் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருங்கள். பறவை ஃபிரேமுக்குள் வரும்போது முக்கால்வாசி தெளிவாகவே வரும். கண்ணைப் பிடிப்பது கேமராவுக்கு அரை நொடி வேலைகூட இல்லை. இந்த ஒரு பழக்கம் மட்டும் என் படங்களில் செய்த மாற்றத்தை வேறு எந்த மெனுவும் செய்யவில்லை.

இரண்டாவது, இரண்டு பொத்தான். ஃபோகஸ் செய்வதைக் கேமராவின் பின்புறப் பொத்தானுக்கு மாற்றுவது பழைய பழக்கம். இப்போது பலர் இரண்டு பொத்தான் வைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான். ஒன்று ஃபிரேம் முழுக்கத் தேடிக் கண்ணைப் பிடிப்பது. இன்னொன்று நடுவில் ஒரே ஒரு சின்னப் புள்ளி, எந்த அறிவும் இல்லாமல் நான் காட்டும் இடத்தில் ஃபோகஸ் செய்வது. பறவை புதருக்குள் இருந்தால் முதலில் புள்ளிப் பொத்தானால் அதன் உடம்பிலோ காலருகே கிளையிலோ ஃபோகஸைக் கொண்டுவருவேன். பறவை உருவம் தெரிந்ததும் கட்டைவிரலைக் கண் பொத்தானுக்கு மாற்றுவேன். முதல் வாரம் விரல் தடுமாறும். அப்புறம் யோசிக்காமலே நடக்கும்.

பொத்தானும் கைகொடுக்காத நேரத்தில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். ஆட்டோஃபோகஸ் வைத்திருக்கும்போதே வளையத்தைத் திருப்ப விடும் லென்ஸ்கள் நிறைய உண்டு. சிலவற்றில் மெனுவில் போய் அனுமதிக்க வேண்டும். பின்னணியில் மாட்டிக்கொண்ட ஃபோகஸை அரைத் திருப்பலில் முன்னுக்கு இழுத்துவிடலாம். ஆட்டோஃபோகஸ் கேமரா வாங்கியவர் வளையத்தைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

மிரர்லெஸ் கேமராக்களில் பலருக்கும் தெரியாத ஒன்று. பெரும்பாலானவற்றில் சென்சாரிலேயே இருக்கும் தூரம் அளக்கும் புள்ளிகள் செங்குத்துக் கோடுகளைத்தான் நன்றாகப் பார்க்கும். படுக்கைக் கோடுகளில் தடுமாறும். கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருந்த ஃபோகஸ் பகுதியில் இரண்டு திசையும் பார்க்கும் புள்ளிகள் இருந்தன. படுக்கைக் கிளைகளுக்கு நடுவே பறவை உட்கார்ந்து ஃபோகஸ் பிடிக்க மறுத்தால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். படுக்கைக் கோடு சாய்ந்த கோடாகிவிடும், ஃபோகஸும் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். முதல்முறை செய்யும்போது மந்திரம் மாதிரி இருக்கும்.

பறவைக்கு முன்னால் குச்சியோ புல்லோ அசைந்தால் ஃபோகஸ் உடனே அதற்குத் தாவாமல் இருக்க ஒரு அமைப்பு உண்டு. சோனியில் ஒன்றுமுதல் ஐந்துவரை இருக்கும். ஒன்று வைத்தால் பிடித்ததை விடாது. நிகானில் அதே ஒன்றுமுதல் ஐந்து தலைகீழ், ஐந்துதான் விடாப்பிடி. ஒருவர் சொன்ன எண்ணை வேறு கம்பெனிக் கேமராவில் அப்படியே வைத்துக் கெட்டவர்கள் உண்டு. அதனால் எண்ணைப் பார்க்காமல், பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்து வையுங்கள். புதர்ப் பறவைக்கு விடாப்பிடிப் பக்கம் நல்லது. ஆனால் தவறாக இலையைப் பிடித்துவிட்டால் அதையும் விடாது என்பதால் பொத்தானை அடிக்கடி விட்டுவிட்டு அழுத்தும் பழக்கம் வேண்டும்.

கறுப்புப் பறவைகள் தனிக் கதை. இனப்பெருக்கக் காலத்து ஆண் ஊதாத் தேன்சிட்டு, கரிச்சான், ஆண் கருஞ்சிட்டு, எல்லாவற்றுக்கும் கறுப்பு முகத்தில் கறுப்புக் கண். நிழலில் இருந்தால் நமக்கே கண் எங்கே என்று தெரியாது, கேமரா என்ன செய்யும்? சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நகர்ந்து பாருங்கள். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்த உடனே ஃபோகஸ் கட்டம் கண்ணில் போய் ஒட்டும். தேன்சிட்டுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதன் ஊதாவும் நீலமும் சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வருவது. வெளிச்சம் சரியான கோணத்தில் விழாவிட்டால் அது வெறும் கறுப்புக் குருவி.

ஷட்டர் வேகத்துக்கு வருகிறேன். சிறு பறவைகள் தலையை நகர்த்துவது சறுக்குவது மாதிரி இருக்காது. ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு வெட்டு. உட்கார்ந்திருக்கும் தையல்சிட்டுக்கே 1/1000 நொடி வைக்கிறேன். தேன்சிட்டு பூவில் தொங்கிக்கொண்டு தேன் குடிக்கும்போது 1/1600. பறப்பதற்கு 1/3200-ம் சில சமயம் போதாது. கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டரையும் துவாரத்தையும் நானே முடிவு செய்து, ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனை மட்டும் ஆட்டோவில் விட்டுவிடுவேன். 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளிப்புள்ளியாக வரும் இரைச்சலை இப்போதைய மென்பொருள்கள் அருமையாகத் துடைக்கின்றன. ஆடிப்போன கண்ணைச் சரியாக்கும் மென்பொருள் இன்னும் என் கண்ணில் படவில்லை.

நொடிக்கு 20, 30 படம் என்று விளம்பரம் செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒரு எச்சரிக்கை. சாதாரண சென்சார்கள் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்து முடிக்கச் சில மாடல்களில் 1/30 நொடியோ அதற்கு மேலோ ஆகிறது. அதற்குள் சிறகு நகர்ந்துவிடும். படத்தில் சிறகு ரப்பர் மாதிரி வளைந்திருக்கும். இசட்9, ஏ1 போன்ற அடுக்குச் சென்சார் கேமராக்கள் 1/200 நொடிக்கும் குறைவான நேரத்தில் வாசித்துவிடுவதால் அங்கே கவலை இல்லை. உங்களுடையது சாதாரண சென்சார் என்றால் உட்கார்ந்த பறவைக்கு எலக்ட்ரானிக், சிறகு விரிக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை முழுக்க அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே படங்களைச் சேமிக்கும் வசதி சில கேமராக்களில் இருக்கிறது. கிளையிலிருந்து எழும்பும் கணத்துக்கு அதுபோல் எதுவும் இல்லை. ஆனால் கார்டு நிரம்புவதும் ராத்திரி உட்கார்ந்து ஆயிரம் படம் அழிப்பதும் உங்கள் பாடு.

எதுவுமே தெளிவில்லாத படங்கள் என்றேனே, அவற்றில் நம் ஊர் வெயிலுக்குப் பெரிய பங்கு. காலை ஒன்பது மணிக்கு மேல் வெறும் தரை, தார்ரோடு, பாறை, இவற்றின் மேல் காற்று கானலாக ஆடத் தொடங்கிவிடும். அதன் வழியாகப் பார்த்தால் எந்த விலை லென்ஸும் தண்ணீருக்குள் பார்த்த மாதிரிதான் காட்டும். ஆட்டோஃபோகஸும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஆடும். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே கதி. குளிர் காற்றும் சூட்டுக் காற்றும் ஜன்னலில் கலக்கும் இடத்தில் பிம்பம் கலங்கும். ஏசியை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தாலும் லென்ஸில் பனி பூத்துக்கொள்ளும். முதல் நாள் இரவே பையோடு கூடத்தில் வைத்துவிடுவது நல்லது.

இனி லென்ஸ். இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 200-600, 180-600 எல்லாம் அருமையான லென்ஸ்கள்தான், நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் சோனியின் 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். கேனானின் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். புதருக்கு முன் ஒரு மணி நேரம் குந்தியிருந்து, சட்டென்று தூக்கிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு எடை குறைவானது கைகொடுக்கும். கைவலி வந்தவர் காத்திருக்க மாட்டார். தவிர, 600 வாங்கினாலும் 10 மீட்டர் தூரத்துத் தேன்சிட்டு ஃபுல் ஃபிரேமின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 400-ஐ வைத்துக்கொண்டு 5 மீட்டருக்கு வந்தால் நாலில் ஒரு பங்கு கிடைக்கும். ‘கேமராவில் என்ன இருக்கிறது, எல்லாம் மனிதனிடம்தான்’ என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணன் தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலிப்பெயர் வைத்து, அதில் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார் என்பதை இந்த இடத்தில் எடுத்துப் போடுவார்கள். யானை வேறு, தையல்சிட்டு வேறு. நம் வேலைக்குக் கேமரா முக்கியம்தான். உங்களிடம் இருப்பதே போதும் என்றுதான் சொல்கிறேன்.

5 மீட்டருக்கு எப்படி வருவது? பறவையை நோக்கி நடந்து வர முடியாது. அது வரும் இடத்தில் நீங்கள் முன்பே இருக்க வேண்டும். முருங்கை பூத்திருந்தால், செம்பருத்தி, இட்லிப்பூச் செடி இருந்தால் தேன்சிட்டு ஒரே பூக்கொத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். இரண்டு நாள் கேமரா இல்லாமல் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முதலில் எந்தக் குச்சியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் குச்சிதான் உங்கள் படம். சாம்பல் கதிர்க்குருவி செடியின் அடியில் நுழைந்து மேலே ஏறி, உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு பாடிவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போகும். பறக்கும்போது சடசடவென்று ஒரு சத்தம் வரும், அதை வைத்தே எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். தையல்சிட்டு உடம்புக்குப் பொருந்தாத குரலில் கத்தும், ஆனால் இலைக்கு வெளியே அதிகம் வராது. ஆரம்பத்திலேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பழகுவதற்கு நான் சிபாரிசு செய்வது பச்சைப் பஞ்சுருட்டான். கம்பியிலோ காய்ந்த கிளையிலோ திறந்தவெளியில் உட்காரும். பூச்சியைக் கண்டதும் பாயும், பெரும்பாலும் அதே கிளைக்கே திரும்பும், பிடித்த பூச்சியைக் கிளையில் நாலு அடி அடித்துவிட்டு விழுங்கும். கிளையில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம், திரும்பி வரும்போது கண்ணைப் பிடிக்கும் பழக்கம், இரண்டையும் அதுவே கற்றுக்கொடுத்துவிடும். காலை ஆறேகாலிலிருந்து எட்டரைவரை நேரம் போதும்.

கிட்டே வருவதற்கு இரண்டு குறுக்குவழிகள் உண்டு, இரண்டையும் செய்யாதீர்கள். ஒன்று, செல்போனில் அந்தப் பறவையின் குரலைப் போடுவது. எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று அது வேலையை விட்டுவிட்டுத் தேடி அலையும். உங்களுக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலை வீண். இன்னொன்று கூடு. கூட்டருகே நீங்கள் நின்றால் தாய் இரை கொண்டுவராது; படத்துக்காக ஒதுக்கிய இலையும் ஒடித்த கிளையும் காகத்துக்கும் செண்பகத்துக்கும் வழிகாட்டும். ஒருமுறை, ஆரம்ப நாளில், கொண்டைக்குருவிக் கூடு ஒன்றை நானும் இப்படி எடுத்தேன். மறுநாள் கூடு காலியாக இருந்தது. என்னால்தானா என்று நிரூபிக்க முடியாது. அந்தப் படத்தை யாருக்கும் காட்டியதில்லை.

கடைசியாக லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். எல்லா லென்ஸிலும் இருக்காது. ஃபோகஸ் எந்தத் தூரத்துக்குள் தேட வேண்டும் என்று கட்டுப்படுத்துவது அது. என்னுடையதில் 10 மீட்டருக்கு அப்பால் மட்டும், 10 மீட்டருக்குள் மட்டும், முழுவதும் என்று மூன்று நிலை. புதர்ப் பறவைக்கு 10 மீட்டருக்குள் என்று வைத்தால் பின்னணிக்கு ஓடும் வழி பாதி அடைபட்டுவிடும். திரும்ப மாற்ற மறக்கக் கூடாது, அவ்வளவுதான். போன தை மாதம் ஏரியில் வாத்துகளை எடுத்துவிட்டு, ஸ்விட்சை ‘அப்பால்’ நிலையிலேயே விட்டுவிட்டு, வரப்போரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதிர்க்குருவி ஒன்று கோரைப்புல் உச்சியில் வந்து உட்கார்ந்து, வாலைத் தூக்கி, வாய் நிறையப் பாடியது. நாலு மீட்டர் இருக்கும். கேமராவைத் தூக்கி அழுத்துகிறேன், அழுத்துகிறேன், பச்சைப் புகைதான் தெரிகிறது. ஏன் என்று உறைத்து ஸ்விட்சைத் தள்ளியபோது அது இன்னும் நகர்ந்து இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டது. என் லென்ஸ் 2.4 மீட்டருக்குள் ஃபோகஸே செய்யாது. கேமராவை மடியில் வைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன்.